டேப்பா, டிவியா, ஸ்பீக்கரா: ஒன்றாம் வகுப்புக்கு எதை வாங்குவது?

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். காட்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், அவன் மகளே இப்போது நான்காம் வகுப்பு. "டீச்சர், எங்க பேட்ச் பசங்க சேர்ந்து முப்பதாயிரம் போட்டிருக்கோம். நம்ம ஸ்கூலுக்கு டேப் வாங்கிக் குடுத்துடலாமா, இல்ல பெரிய டிவியா?" என்றான்.

"யாருக்குப்பா?" என்றேன்.

"சின்னப் பசங்களுக்குத்தான் டீச்சர். ஒண்ணாவது, ரெண்டாவது."

இதே கேள்வியைக் குடியாத்தத்தில் டியூஷன் எடுக்கும் பெண் ஒருத்தியும், சத்துவாச்சாரியில் நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடும் அம்மா ஒருவரும் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் பதில் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதியே வைத்துவிடுகிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க ஒன்றாம் வகுப்புதான் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

பள்ளி வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். ஓட்டுக் கட்டடம். ஒன்று முதல் மூன்று வரை 23 பிள்ளைகள், ஒரே அறை. காற்றடித்தால் கரண்ட் போகும். சிக்னல் வேண்டுமென்றால் புளிய மரத்தடிக்கு வர வேண்டும்.

எதை வைத்து அளப்பது

கடைக்காரர் ரேமையும் இன்ச்சையும் சொல்வார். நான் கேட்பது வேறு.

முதல் கேள்வி, அந்தப் பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தையின் வாயும் கையும் என்ன செய்கின்றன? ஐந்து வயதுப் பிள்ளை எழுத்தைக் கண்ணால் மட்டும் கற்றுக்கொள்வதில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மணலிலோ சிலேட்டிலோ இழுத்துப் பார்க்க வேண்டும், பக்கத்துப் பிள்ளையிடம் சண்டை போட்டாவது "இது 'ட'டா, 'ப' இல்ல" என்று வாதாட வேண்டும். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் அது வேடிக்கை.

இரண்டாவது, கரண்டும் நெட்டும் இல்லாதபோது அது எதற்கு உதவும்?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அது பேசும் தமிழ் பிள்ளைக்குப் புரிகிறதா, பிள்ளை பேசும் தமிழ் அதற்குப் புரிகிறதா? எங்கள் பக்கம் வாழைப்பழம் 'வாயப்பயம்'. பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசிவிட்டு வரும் பிள்ளைக்குத் தண்ணீர் 'பானி', ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் அதே தண்ணீர் 'நீள்ளு'. செய்தி வாசிப்பது போன்ற தமிழில் பேசும் செயலி இந்தப் பிள்ளைகளுக்குப் பாதி அந்நிய மொழி.

நான்காவது, ஒரே அறையில் பல நிலைகள். 2022இல் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலையை வைத்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (வகுப்புக்கேற்ற நிலை) என்று பிரித்தார்கள். அரும்போடு டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கும்போது மலர் என்ன செய்யும்? அந்த இருபது நிமிடத்தைத் தாங்கிப்பிடிக்கும் பொருளா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, மூன்றாம் வருடம் அதற்கு எவ்வளவு செலவாகும்? வாங்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் மூன்றாம் வருடம் வருவதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஐந்து வயது வரை ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது, அதுவும் பெரியவர் கூட இருந்து பார்க்கும்போது. வீட்டில் சோறூட்ட ஓடும் போனும் இந்தக் கணக்கில் சேரும். பள்ளிக்கு வருமுன்னே ஒரு மணி நேரத்தைத் தீர்த்துவிட்டுத்தான் பல பிள்ளைகள் வருகிறார்கள்.

வீட்டில் இருக்கும் போன்

காசு செலவில்லை என்பார்கள். 2018இல் ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்ததிலிருந்து பக்கங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. பள்ளிப் பாடங்களுக்கான அரசின் திக்ஷா செயலியால் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும், இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தோல் ஷாப்புக்கோ பீடி கம்பெனிக்கோ போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வரும்போது சார்ஜ் 9 சதவீதம், பிள்ளை தூக்கத்தில். விழித்திருந்தால் பாட வீடியோ முடிந்த கையோடு அடுத்தடுத்து வேறு ஏதோ ஓடத் தொடங்கும். இதில் மறைந்திருக்கும் செலவு பணமில்லை, போனை வாங்கி வைக்கும்போது வரும் அழுகை.

சத்துவாச்சாரி அம்மாவுக்கு என் பதில் இதுதான்: புதிதாக எதுவும் வாங்காதீர்கள். இறக்கி வைத்த ஒரே வீடியோ, நெட்டை அணைத்துவிட்டு, நீங்களும் கூட உட்கார்ந்து 10 நிமிடம். முடிந்ததும் போன் பீரோ மேல் போகட்டும், அந்தப் பாட்டை அவனைப் பாடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார நேரமில்லாத அன்றைக்குப் போனும் வேண்டாம்.

டேப்

எல்லாரும் ஆசைப்படுவது இது. 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் சுமாரானது கிடைக்கும். முப்பதாயிரத்துக்கு இரண்டு வாங்கி, கவரும் கண்ணாடி ஒட்டும் வாங்கினால் பணம் தீர்ந்தது. 23 பிள்ளைகளுக்கு இரண்டு டேப்.

ஒருமுறை டீச்சரின் டேப்பை நான்கு பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தைத் தொட்டால் பலூன் வெடிக்கும் விளையாட்டு. நடுவில் உட்கார்ந்தவன் மடியில் டேப், அவன் விரல்தான் வேலை செய்கிறது. வலப்பக்கத்துப் பையன் அவ்வப்போது கையை நீட்டி அடி வாங்குகிறான். இடது ஓரத்தில் இருந்த பெண்ணுக்குத் திரை சாய்வாகத்தான் தெரிகிறது. கழுத்தை வளைத்துப் பார்த்தாள், அப்புறம் சலித்துப்போய்த் தன் பாவாடை ஓர நூலை உருவ ஆரம்பித்தாள். கடைசிவரை அவள் ஒருமுறைகூடத் தொடவில்லை. நடுவில் இருந்தவனும் 'ப'வைக் கற்றுக்கொண்டானா என்றால், எல்லா பலூனையும் தொட்டால் ஏதாவது ஒன்று வெடிக்கும் என்று கற்றுக்கொண்டான்.

வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகளும் இருக்கின்றன. பிள்ளை சத்தமாக வாசிக்க, சரியான சொல் நிறம் மாறும். எண்ணம் அருமை. எங்கள் பிள்ளை ஒருத்தி 'பழம்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிச் சரியாகவே வாசித்தாள், வாயில் வந்தது 'பயம்'. செயலி நகர மறுத்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். மூன்றாவது முறை என்னைத் திரும்பிப் பார்த்து முணுமுணுத்தாள். அதே செயலி இன்னொருவன் 'பல்லி'யைப் 'பள்ளி' என்று வாசித்ததற்குக் கைதட்டி நட்சத்திரம் கொடுத்தது. ழகரம் வராதது உச்சரிப்புச் சங்கதி, எழுத்தே மாறுவது வாசிப்புச் சங்கதி. பக்கத்தில் இருக்கும் டீச்சருக்கு இந்த வித்தியாசம் தெரியும். எழுத்தே தெரியாமல் திணறும் பிள்ளையையும், எழுத்து தெரிந்து நாக்கு மட்டும் வேறுமாதிரி புரளும் பிள்ளையையும் செயலி ஒரே தட்டில் வைத்தது.

மறைந்த செலவுகள்: மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் ஓட்டுக்கட்டட பீரோவுக்குள் இரண்டு மாதம் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் வலுவிழக்கும். 32 ஜிபி நினைவகம் பாதி அதன் சொந்தத் தேவைக்கே போய்விடும். கண்ணாடி உடைந்தால் மாற்றும் கூலிக்கு வேலூர் போய்வரும் அலைச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் வாங்கினால் ஒரு பிள்ளையின் பேன் எல்லாப் பிள்ளைக்கும் போகும் (சிரிக்காதீர்கள், நடந்தது).

டேப் எங்கே சரி? மலர் நிலைப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து தனியாகப் பயிற்சி செய்ய. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய, பார்வை குறைந்த பிள்ளைக்கு. பேச்சு தாமதமான பிள்ளை படத்தைத் தொட்டுத் தனக்கு வேண்டியதைச் சொல்ல. கடைசி இரண்டுக்கும் வேறு எந்தப் பொருளும் ஈடாகாது, அப்படி ஒரு பிள்ளை இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வாங்கினால், ஒரே செயலியிலேயே திரையைப் பூட்டிவைக்கும் வசதி ஆண்ட்ராய்டு செட்டிங்கில் இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 2024 முதல் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே கைக்கணினி கொடுத்திருக்கிறது, பல பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறையும் வந்திருக்கிறது. நன்கொடை தரும் முன் தலைமை ஆசிரியரிடம் "என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பெட்டி பிரிக்காமல் இருப்பதையே இரண்டாவது முறை வாங்கித் தந்தவர்கள் உண்டு.

டிவி

32 இன்ச் 12,000 பக்கம், 43 இன்ச் 20,000க்கு மேல். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஓரத்துப் பெண் விடுபடமாட்டாள். பென்டிரைவில் போட்டு ஓட்டினால் நெட்டே வேண்டாம். எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. அலை காலில் மோதி மணல் வழுக்கும் ஒரு நிமிடக் காட்சி, அரை மணி நேரப் பேச்சுக்கு விதை போட்டது. 'கடல்' என்ற சொல்லை அன்றைக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நிறுத்தத் தெரிந்த டீச்சருக்குத்தான் டிவி நல்லது. இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்கிறவருக்கு. போட்டுவிட்டுப் பதிவேடு எழுதப் போகிறவர் கையில் அது தூங்கவைக்கும் பெட்டி. 2019இல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி கொரோனா காலத்தில் பெரிய கைகொடுப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை திரையில் இருக்கும் அக்காவுக்குப் பதில் சொல்லிப் பார்க்கும், அந்த அக்கா கேட்காமலே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஒரு வாரத்தில் பிள்ளை பதில் சொல்வதை நிறுத்திவிடும்.

மறைந்த செலவு: ஸ்டெபிலைசர், சுவர் மாட்டி, பிளக் பாயின்ட். சில டிவிகளில் தமிழில் பெயர் வைத்த கோப்புகள் வெறும் கட்டங்களாகத் தெரியும், 01, 02 என்று எண் போட்டுவிட்டால் தொல்லையில்லை. ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், பகல் முழுக்க வேப்ப மரம்தான் தெரியும்.

புரொஜெக்டர்

ஓட்டுக் கட்டடத்தில் இருட்டு வராது. 5,000 ரூபாய் குட்டிப் பெட்டியெல்லாம் பகலில் சுவரில் பால் சிந்தியது போலத் தெரியும். விளக்கு வகையில் கரண்ட் திடீரென்று போனால் உள்ளே குளிரவைக்கும் மின்விசிறியும் நின்று, விளக்கின் ஆயுள் குறையும். கரண்ட் போவது எங்கள் ஊரில் திடீரென்று மட்டும்தான். விடுங்கள்.

பேசும் பேனா, எல்சிடி சிலேட்டு

பேனாவைப் படத்தின் மேல் வைத்தால் அது பேசும். தாளில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் புள்ளிகளை அது படிக்கிறது. அதனால் அதனோடு வந்த புத்தகத்தில் மட்டும்தான் பேசும். ஆங்கிலத்தில் நிறைய, தமிழில் கொஞ்சம். புத்தகம் கிழிந்தால் பேனா ஊமை. வீட்டில் ஒற்றைப் பிள்ளைக்கு, கிழிக்காத பிள்ளைக்குச் சரி.

எல்சிடி சிலேட்டு 150 ரூபாய்க்குக்கூடக் கிடைக்கிறது. எழுதலாம், பட்டனை அழுத்தினால் மொத்தமும் போய்விடும். அங்கேதான் எனக்குத் தகராறு. சிலேட்டில் பல்பத்தால் எழுதிய பிள்ளை தப்பான எழுத்தை மட்டும் எச்சில் தொட்டோ கோவை இலையாலோ துடைத்துத் திருத்தும். எங்கே திருத்தியது என்று எனக்கும் தெரியும். இதில் பிள்ளை எழுதியதைவிட அழித்ததே அதிகம். இன்னொரு கவலை பெரியது: அதற்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். மூடி திருகாணி போட்டதா என்று பார்க்காமல் பொங்கல் பரிசாக அள்ளிக் கொடுக்காதீர்கள்.

ஸ்பீக்கர்

கடையில் யாரும் காட்டாத பொருள், ஏனென்றால் இதைப் பாடத்துக்கு என்று யாரும் கேட்பதில்லை. மெமரி கார்டு போடும் இடமுள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர் 2,000 முதல் 2,500 ரூபாய். ஒருமுறை சார்ஜ் போட்டால் பள்ளி நாள் முழுக்க ஓடும். நெட் வேண்டாம், கரண்ட் போனாலும் பாடும், கண் எதிலும் ஒட்டிக்கொள்ளாது. பாட்டு ஓடினால் பிள்ளைகள் எழுந்து ஆடுவார்கள், கூடவே பாடுவார்கள். வாயும் கையும் காலும் வேலை செய்கின்றன.

இதில் எங்களுக்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய ஆயா (பாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) நன்றாகக் கதை சொல்வார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். நரியும் வெள்ளரித் தோட்டமும், ஆறு நிமிடம். கதை நடுவில், நரி வேலியைத் தாண்டும் நேரம் பார்த்து, பின்னால் சேவல் கூவிவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பதிவு செய்யலாமா என்று யோசித்தேன், ஆயா "உடு டீச்சர், அதும் கேக்கட்டும்" என்றார்.

வகுப்பில் போட்டபோது அந்தப் பையன் எழுந்து நின்று "எங்க ஆயா!" என்றான். இரண்டாம் நாளிலிருந்து வேலி வந்ததும் 23 பேரும் சேவல் கூவத் தொடங்கினார்கள். கதையை அவ்வளவு கவனமாகக் கேட்டால்தான் சரியான இடத்தில் கூவ முடியும். நான்காம் நாள் அந்தக் கதையையே கரும்பலகையில் ஐந்து வரியாக எழுதிப்போட்டேன். 'வேலி' என்ற சொல்லைக் குச்சியால் தொட்டதும் அரும்பு நிலைப் பிள்ளைகள்கூடக் கூவினார்கள். அவர்களுக்கு 'லி' தெரியாது, ஆனால் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. குடியாத்தம் டியூஷன் பெண்ணிடமும் இதையே சொன்னேன்: தெலுங்கு பேசும் வீட்டுப் பாட்டியிடம் ஒரே கதையைத் தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை பதிவு செய்துகொள்.

குறை இல்லாமலில்லை. எழுத்தின் வடிவத்தை ஸ்பீக்கர் காட்டாது, தாள் கூட இருந்தே ஆக வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு இது சுவர், வாயசைவு தெரிய டீச்சர் முகத்தைக் காட்டித்தான் கதை சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்பு டீச்சரின் கோபமும் மறைந்த செலவுதான்.

தாளுக்கு வழி இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் ஏராளம், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் எடுத்து ஸ்பைரல் போட்டால் போதும். கருப்பு வெள்ளையாக இருப்பதிலும் லாபம் உண்டு, பிள்ளைகளே வண்ணம் அடிப்பார்கள்.

ஒரே பார்வையில்

| பொருள் | ஏறத்தாழ விலை | கரண்ட், நெட் இல்லாவிட்டால் | வாயும் கையும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| வீட்டுப் போன் | செலவில்லை | இறக்கி வைத்தது ஓடும் | பெரியவர் கூட இருந்தால் மட்டும் | வீட்டில் ஒற்றைப் பிள்ளை |
| டேப் | 10,000–15,000 | சார்ஜ் உள்ளவரை | ஒரு விரல் | தனிப் பயிற்சி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளை |
| டிவி | 12,000–25,000 | கரண்ட் கட்டாயம், நெட் வேண்டாம் | டீச்சர் நிறுத்தினால் வாய் | முழு வகுப்பு |
| பேசும் பேனா | 3,000–6,000 | ஓடும் | கை, கொஞ்சம் வாய் | வீடு |
| எல்சிடி சிலேட்டு | 150–300 | ஓடும் | கை | பேட்டரி மூடியைப் பார்த்து வாங்குவோர் |
| ஸ்பீக்கரும் அச்சுக் கதையும் | 5,000–7,000 | ஓடும் | இரண்டும் | பல நிலை வகுப்பு, டியூஷன் |

புரொஜெக்டரை வேண்டுமென்றேதான் விட்டேன்.

முப்பதாயிரம் என்ன ஆனது

ஹார்டுவேர் கடைக்காரனுக்கு முதலில் ஏமாற்றம்தான். "ஸ்பீக்கரா டீச்சர்? போட்டோவுல ஒண்ணுமே தெரியாதே" என்றான். ஒரு நாள் வந்து வகுப்பில் உட்காரச் சொன்னேன். வந்தான். வேலி வந்ததும் அவனும் கூவினான்.

ஸ்பீக்கர் 2,400, மெமரி கார்டு 500, கதை அச்சும் ஸ்பைரலும் 4,300, பழைய மாதிரி சிலேட்டு ஆளுக்கொன்று 23க்கு 1,610. ஆக 8,810. மீதி 21,190 இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை கடல், ரயில், பால் பண்ணை என்று காட்ட 32 இன்ச் டிவி ஒன்று வாங்கலாம் என்று தலைமை ஆசிரியரும் ஒத்துக்கொண்டார். ஆனால் உடனே முடியாது. பிளக் பாயின்ட்டை எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, எர்த்தே இல்லை, இதில் டிவி மாட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் ஒழுகும் சுவர், பிள்ளைகள் கை வைக்கிற உயரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எர்த் குழி தோண்டுகிறார்கள். "ராடு, கம்பி, கரி, உப்பு எல்லாம் கடையிலிருந்து நான் கொண்டாறேன் டீச்சர், காசு வேணாம்" என்கிறான். "அந்தக் கல்லு மண்ணுல பள்ளம் தோண்ட ஆள் மட்டும் நீங்க சொல்லி வெய்ங்க."